கந்தகமூட்டிய நுண்துளைக் கரி: மரக்கழிவிலிருந்து நீர்த்தூய்மைக்கு – ஒரு விளக்கம்

முன்னுரை

நீரில் கலந்துள்ள நஞ்சைப் பற்றி எழுதும்போதும் பேசும்போதும் 'நீக்குதல்', 'அழித்தல்', 'தூய்மைப்படுத்துதல்' ஆகிய சொற்களை நாம் பெரும்பாலும் வேறுபாடின்றியே கையாண்டு வருகிறோம். ஆயினும், இவை ஒருபொருட் சொற்கள் அல்ல. கழிவுநீரிலுள்ள கரிமப் பொருள்கள் பலவற்றை நுண்ணுயிர்கள் சிதைத்து, கரியமில வாயுவாகவும் நீராகவும் மாற்றிவிடுகின்றன. அங்கே 'அழித்தல்' என்னும் சொல் பொருந்தும். பாதரசம், ஈயம், காட்மியம் போன்றவையோ தனிமங்கள். எந்த வேதிவினையும் எந்த நுண்ணுயிரும் அவற்றை இல்லாமற் செய்ய இயலாது. அவற்றைப் பொறுத்தவரை மனிதனால் ஆகக்கூடியது ஒன்றே: நீரில் சிதறிக் கிடப்பதை ஓரிடத்தில் சேர்த்துப் பிடித்து வைத்தல்.

இவ்வாறு 'பிடித்து வைக்கும்' பொருள்களுள் அண்மைக் காலத்தில் ஆய்வாளர்களின் கவனத்தைப் பெரிதும் ஈர்த்துள்ள ஒன்று, மரத்தின் லிக்னினிலிருந்து ஆக்கப்பெறும் கந்தகமூட்டிய நுண்துளைக் கரியாகும். அது யாது, எவ்வாறு செய்யப்படுகிறது, எதனால் நஞ்சைப் பிடிக்கிறது, அதன் எல்லைகள் யாவை என்பனவற்றை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

மொழியும் பண்பாடும் சார்ந்த ஓர் ஆய்விதழில் இத்தகைய பொருள் இடம்பெறுவதற்குக் காரணம் உண்டு. மலேசியாவில் 2003ஆம் ஆண்டு அறிவியல், கணிதப் பாடங்கள் ஆங்கிலவழிக்கு மாற்றப்பட்டன. அத்திட்டத்தைக் கைவிடும் முடிவு 2009ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. தமிழ்ப்பள்ளிகளில் அறிவியல் எம்மொழியில் கற்பிக்கப்பட வேண்டும் என்னும் விவாதம் அதன் பின்னரும் ஓயவில்லை. தமிழால் இயலும் என்று வாதிடுவதைவிட, இன்றைய ஆய்வுப்பொருள் ஒன்றைத் தமிழில் விளக்கிக் காட்டுவதும், அவ்விளக்கத்தில் எந்தச் சொல் துணைசெய்கிறது, எந்தச் சொல் இடறுகிறது என ஆராய்வதும் கூடுதல் பயனுடையவை என நாம் கருதுகிறோம்.

மினமாத்தா உணர்த்தும் பாடம்

பிடித்து வைத்தல் ஏன் இன்றியமையாதது என்பதை அறிய ஜப்பானின் மினமாத்தா விரிகுடாவை நோக்குதல் தகும். அங்கிருந்த சிஸ்ஸோ நிறுவனத்தின் இரசாயன ஆலை, 1932 முதல் 1968 வரை அசிட்டால்டிஹைடு உற்பத்தியின்போது உண்டான பாதரசக் கழிவைக் கடல்நீரில் கலந்து வந்தது. கடல் பெரிது; கழிவோ சிறிது. பெருநீரில் கலந்தால் நஞ்சின் செறிவு குறைந்து தீங்கற்றுப் போகும் என்பதே இத்தகைய செயல்களுக்கு அடிப்படையான எண்ணம். நடந்ததோ வேறு. மீத்தைல் பாதரசம் நுண்ணுயிரிலிருந்து சிறுமீனுக்கும், சிறுமீனிலிருந்து பெருமீனுக்கும், அதனை உண்ட மனிதருக்கும் படிப்படியாகச் செறிந்து சென்றது. 1956ஆம் ஆண்டு மே திங்கள் முதல் நாளன்று நரம்பு நோயாக அது அதிகாரப்பூர்வமாகப் பதிவு செய்யப்பட்டது. 2,200க்கும் மேற்பட்டோர் நோயாளிகளாகச் சான்றளிக்கப்பட்டனர்.

இவ்வரலாற்றில் அதிகம் பேசப்படாத பகுதி ஒன்றுண்டு. ஆலை பாதரசத்தை வெளியேற்றுவதை நிறுத்திய பின்னரும் விரிகுடாவின் அடிச்சேற்றில் பாதரசம் எஞ்சியிருந்தது. 1977 முதல் 1990 வரை அச்சேற்றைத் தோண்டியெடுத்து, கரையோரத்தில் தடுப்புகளுக்குள் நிரப்பி, மேலே தூய மண்ணிட்டு மூடினர். இவ்வாறு 58 ஹெக்டர் நிலம் உருவாயிற்று. அந்நிலத்தின் மேல் இன்று பூங்கா உள்ளது. அடியில் பாதரசம் உள்ளது. ஆலையின் கழிவுக் குழாயிலேயே சிறு கொள்கலன் ஒன்றிற்குள் பிடித்திருக்கக் கூடியதைக் கடலில் சிதறவிட்டதன் விளைவு இது. பாதரசம் குறித்த மினமாத்தா உடன்படிக்கை 2013ஆம் ஆண்டில் ஏற்கப்பட்டு, 2017 ஆகஸ்டு 16ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. சிதறுமுன் பிடித்தல் என்னும் கொள்கைக்கு இன்று அனைத்துலகச் சட்ட வலுவும் இருக்கிறது.

கரியின் துளைகளும் இரு சொற்களும்

நிறமுள்ள கரைசல்களைக் கரித்தூள் தெளியவைக்கும் என்பதை 1785ஆம் ஆண்டில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரிலிருந்த வேதியியலாளர் லோவிட்ஸ் கண்டறிந்தார். கரியின் இவ்வாற்றலை விளக்கும்போது 'கரி நிறத்தை உறிஞ்சுகிறது' என்று சொல்வது வழக்கம். இங்கேதான் ஆசிரியர் சற்று நின்று சிந்திக்க வேண்டியுள்ளது.

பஞ்சு நீரை உறிஞ்சும்போது நீர் பஞ்சின் உள்ளெங்கும் பரவுகிறது. கரியில் நிகழ்வது அதுவன்று. நீரில் கரைந்துள்ள மூலக்கூறுகள் கரியின் மேற்பரப்பில் மட்டுமே ஒட்டிக்கொள்கின்றன. முன்னதை 'உறிஞ்சுதல்' என்றும் பின்னதைப் 'பரப்புக் கவர்தல்' என்றும் தமிழகப் பாடநூல்கள் வேறுபடுத்தும். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் 'அகத்துறிஞ்சல்', 'புறத்துறிஞ்சல்' எனும் இணையை ஆளும். அகம், புறம் என்னும் எதிர்நிலையிலேயே வேறுபாடு விளங்கிவிடுவதால், வகுப்பறையில் இலங்கை வழக்கைச் சுட்டிக்காட்டுவது பயன்தரும். இக்கட்டுரையில் 'கவர்தல்' என்பதையே ஆளுகிறோம்.

மேற்பரப்பில்தான் கவர்தல் நிகழும் எனின், மேற்பரப்பைப் பெருக்குவதே வழி. கரித்துண்டைப் பொடியாக்கினால் மேற்பரப்பு கூடும். ஆயினும் அதற்கோர் எல்லையுண்டு. கரியின் உள்ளே கண்ணுக்குப் புலப்படாத துளைகளைத் தோற்றுவித்தால் அவ்வெல்லையைக் கடக்கலாம். துளைகளை அவற்றின் அகலத்தைக் கொண்டு மூவகைப்படுத்துவர். 2 நானோமீட்டருக்குக் குறைந்தவை நுண்துளைகள். 2 முதல் 50 வரையுள்ளவை இடைத்துளைகள். அதற்கு மேற்பட்டவை பெருந்துளைகள். பெருந்துளைகள் நெடுஞ்சாலைகளை ஒத்தவை, இடைத்துளைகள் தெருக்கள், நுண்துளைகள் வீடுகள். வீடுகள் பல இருந்தும் சாலை இல்லையெனில் எவரும் குடிபுக இயலாது. ஆகவே மூவகைத் துளைகளும் தக்க அளவில் அமைவதே நல்ல கரியின் இலக்கணம்.

இவ்வாறு துளைகள் பெருக்கப்பட்ட கரி 'கிளர்வூட்டிய கரி' எனப்படும். அதன் மேற்பரப்பை அளக்கும் முறையை 1938ஆம் ஆண்டில் புருனவர், எம்மெட், டெல்லர் ஆகிய மூவரும் வகுத்தனர். நைட்ரஜன் வாயு கரியின்மேல் எவ்வளவு படிகிறது என்பதிலிருந்து பரப்பைக் கணக்கிடும் முறை அது. நல்ல கிளர்வூட்டிய கரி ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 1,000 சதுர மீட்டர் பரப்புடையது. 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் கொண்ட காற்பந்துத் திடலின் பரப்பு 7,140 சதுர மீட்டர். ஆகவே, ஏழு கிராமுக்குச் சற்றே மிகுந்த கரிக்குள் ஒரு திடல் மடிந்து கிடக்கிறது எனலாம்.

லிக்னின்: மரத்தின் உறுதிப்பொருள்

கரியை எதிலிருந்தும் செய்யலாம். நிலக்கரி, தேங்காய்ச்சிரட்டை, மரத்தூள் ஆகியன நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகின்றன. லிக்னின் இவ்வரிசையில் புதிதாக முன்வைக்கப்படுகிறது.

மரம் என்னும் பொருள்கொண்ட 'லிக்னம்' எனும் இலத்தீன் சொல்லிலிருந்து தோன்றியதே லிக்னின் என்னும் பெயர். தாவரச் செல்சுவரில் செல்லுலோஸ் இழைகள் கம்பிகளைப் போன்று இழுவிசையைத் தாங்குகின்றன. அவற்றினிடையே காரையைப் போல் நிறைந்து நின்று உறுதி தருவது லிக்னின். உலர்ந்த மரத்தின் எடையில் 20 முதல் 30 விழுக்காடு வரை லிக்னின் இருக்கும். செல்லுலோஸுக்கு அடுத்தபடியாக நிலவுலகில் மிகுதியாகக் காணப்படும் இயற்கைப் பல்லுறுப்பி இதுவே.

செல்லுலோஸ் சர்க்கரை அலகுகளால் ஆனது. அதில் ஆக்சிஜன் மிகுதி. லிக்னினோ பென்சீன் வளையங்களைக் கொண்ட அலகுகள் ஒழுங்கின்றிப் பின்னிப் பிணைந்த வலை. அதில் கார்பனே ஏறத்தாழ 60 விழுக்காடு. ஆகவே காற்றில்லாச் சூழலில் சூடேற்றும்போது செல்லுலோஸைவிட லிக்னின் அதிகமான கரியை எஞ்சவிடுகிறது. அதிலுள்ள வளையங்கள் ஏற்கெனவே கரியின் அமைப்பிற்கு நெருங்கியவை என்பதே காரணம்.

லிக்னின் பெருமளவில் கிடைக்குமிடம் காகிதக் கூழ் ஆலை. 1879ஆம் ஆண்டில் கார்ல் டால் என்பார் உருவாக்கிய கிராஃப்ட் முறையில், மரத்துண்டுகள் சோடியம் ஹைட்ராக்சைடும் சோடியம் சல்ஃபைடும் கலந்த நீரில் வேகவைக்கப்படுகின்றன. லிக்னின் கரைந்து 'கருநீர்' எனும் திரவமாகப் பிரிந்துவிட, செல்லுலோஸ் கூழாக எஞ்சுகிறது. அக்கருநீரை ஆலைகள் கொதிகலனில் எரித்து ஆற்றலும் வேதிப்பொருளும் மீட்கின்றன. உலகக் கூழ் ஆலைகளில் ஆண்டுதோறும் பிரியும் லிக்னினின் அளவு 5 கோடி டன்னுக்கும் குறையாது. அதில் மிகச்சிறு பங்கே வேறு பொருள்களாகிறது.

நம் நாட்டிற்கும் இதில் தொடர்புண்டு. செம்பனைக் குலைகளிலிருந்து பழங்களைப் பிரித்தெடுத்த பின் எஞ்சும் வெறுங்குலைகள் மலேசிய எண்ணெய் ஆலைகளில் மலையெனக் குவிகின்றன. அவற்றின் உலர் எடையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு லிக்னின். தோட்டப்புறத்தில் வளர்ந்த நம் மாணவரின் குடும்பங்களுக்கு வெறுங்குலை புதிய பொருளன்று. லிக்னின் என்னும் அயற்சொல்லைக் கற்பிக்க அதனினும் அண்மையான சான்று வேறில்லை.

பாதரசத்தைப் பிடிப்பது எது?

மேற்பரப்பு பெரிதாக இருந்தால் மட்டும் போதுமா? நிறமிகள், மருந்தெச்சங்கள் போன்ற கரிம மூலக்கூறுகளைப் பொறுத்தவரை ஓரளவு போதும். உலோக அயனிகளோ நீர் மூலக்கூறுகளால் சூழப்பட்டு மின்சுமையுடன் இருப்பவை. வெறும் கரிச்சுவரின்மேல் அவற்றிற்குப் பற்று குறைவு. துளைக்குள் நுழைந்த பாதரச அயனி அங்கேயே தங்குவதற்கு அதனை இறுகப் பற்றும் ஒன்று சுவரில் இருக்க வேண்டும். அதுவே கந்தகம்.

இப்பற்றின் அடிப்படையை 1963ஆம் ஆண்டில் ரால்ஃப் பியர்சன் என்னும் அமெரிக்க வேதியியலாளர் எளிய விதியாகத் தொகுத்துரைத்தார். எலக்ட்ரான் முகில் எளிதில் நெகிழும் அணுக்களை 'மென்மையானவை' என்றும், எளிதில் நெகிழாதவற்றை 'வன்மையானவை' என்றும் அவர் வகுத்தார். மென்மையானது மென்மையானதையும், வன்மையானது வன்மையானதையும் நாடும். பாதரசம், வெள்ளி, காட்மியம் ஆகியன மென்மையானவை, கந்தகமும் மென்மையானது. கால்சியம், மக்னீசியம், ஃபுளூரைடு ஆகியன வன்மையானவை. ஆகவே, கால்சியம் ஆயிரம் மடங்கு மிகுந்திருக்கும் கடின நீரிலும் கந்தகம் பாதரசத்தையே தேர்ந்து பற்றும்.

இவ்வுறவு புதிதாகக் கண்டறியப்பட்டதன்று. கந்தகமும் ஹைட்ரஜனும் இணைந்த தொகுதியைக் கொண்ட சேர்மங்களுக்கு 1830களில் டேனிய வேதியியலாளர் ட்சைசே 'மெர்காப்டன்' எனப் பெயரிட்டார். 'பாதரசத்தைப் பற்றுவது' என்பதே அதன் இலத்தீன் பொருள். இயற்கையில் பாதரசம் பெரும்பாலும் கந்தகத்துடன் கூடிய சிவப்புக் கனிமமாகவே கிடைக்கிறது. சித்த மருத்துவம் அதனை 'இலிங்கம்' அல்லது 'சாதிலிங்கம்' என்று வழங்கும். பள்ளி ஆய்வுக்கூடங்களில் வெப்பமானி உடைந்து பாதரசம் சிந்தினால் கந்தகப்பொடி தூவும் பழக்கமும் இவ்வுறவை ஒட்டியதே.

சித்த மருத்துவத்தைக் குறிப்பிட்டமையால் ஓர் எச்சரிக்கையும் தேவை. பாதரசமும் கந்தகமும் இணையும் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர் என்பது உண்மை. நானோமீட்டர் அளவிலான துளைகளையும் எலக்ட்ரான் முகிலையும் அவர்கள் அறிந்திருந்தனர் என்று அதிலிருந்து முடிவுகட்டுதல் ஆய்வு நெறிக்கு ஒவ்வாது. இலிங்கம் என்னும் சொல் மாணவர் மனத்தில் புதிய கருத்தை ஊன்ற உதவும் பற்றுக்கோடு. அதற்குமேல் அதன்மீது சுமையேற்றலாகாது.

பாதரசம் நஞ்சாவதும் இதே பற்றினாலேதான் என்பது கருதத்தக்கது. நம் உடலிலுள்ள புரதங்களில் சிஸ்டீன் எனும் அமினோ அமிலம் உள்ளது. அதன் நுனியிலும் கந்தகத் தொகுதியே இருக்கிறது. பாதரசம் அதனைப் பற்றிக்கொள்வதால் புரதங்கள் செயலிழக்கின்றன. உடலிலுள்ள கந்தகத்தை அடையுமுன் கரியிலுள்ள கந்தகத்தைப் பாதரசத்திற்கு நீட்டுவதே இப்பொருளின் உத்தி.

'மாசூட்டல்' என்னும் சொல்

கரியின் கட்டமைப்பில் சிறிதளவு கந்தக அணுக்களைப் புகுத்துவதை ஆய்வாளர்கள் குறைகடத்தித் துறையிலிருந்து பெற்ற சொல்லால் குறிப்பர். அச்சொல்லுக்குத் தமிழ் இயற்பியல் நூல்களில் 'மாசூட்டல்' என்னும் மொழிபெயர்ப்பு நிலைபெற்றுள்ளது. தூய சிலிக்கானில் வேறோர் அணுவைக் கலத்தலால் அது 'மாசு' எனக் கொள்ளப்பட்டது. இயற்பியல் வகுப்பில் அச்சொல் தீங்கு செய்வதில்லை.

நீர்த்தூய்மையைப் பற்றிய பாடத்தில் அதே சொல்லை ஆண்டால் நிலைமை வேறு. 'நீரின் மாசை அகற்ற மாசூட்டிய கரியைப் பயன்படுத்துக' என்று படிக்கும் மாணவன் என்ன விளங்கிக்கொள்வான்? கரியைக் கெடுத்து நீரைத் திருத்துவதாகவே எண்ணுவான். இங்கே கந்தகம் மாசன்று, பிடிக்கும் கை. ஆகவே 'கந்தகமூட்டிய கரி' என்னும் தொடரையே நாம் பரிந்துரைக்கிறோம். உணவூட்டல், உரமூட்டல் என்பனபோல், வேண்டியதை வேண்டிய அளவில் சேர்த்தல் என்னும் பொருளை 'ஊட்டல்' இயல்பாகவே தருகிறது. கலைச்சொல் ஒரு துறைக்கு ஒருமுறை அமைக்கப்பட்டால் எல்லாத் துறைக்கும் பொருந்திவிடும் என்று கொள்ளுதல் தவறு. சொல் பயிலும் இடத்தில் அது என்ன எண்ணத்தை எழுப்புகிறது என்பதையும் ஆசிரியர் நோக்குதல் வேண்டும்.

செய்முறை

இக்கரியைச் செய்வதற்குப் பல வழிகள் உள. அவற்றின் பொதுக்கூறுகளைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

முதலாவதாக, கருநீரில் அமிலம் சேர்த்து லிக்னினை வீழ்படிவாக்கிக் கழுவி உலர்த்துவர். கிராஃப்ட் முறையில் சல்ஃபைடு பயன்படுவதால், இந்த லிக்னினில் 1 முதல் 3 விழுக்காடு கந்தகம் முன்னரே இருக்கும். மருந்து, நறுமணப் பொருள் செய்வோருக்கு இது குறை. நம் நோக்கத்திற்கோ நலம்.

இரண்டாவதாக, உலர்ந்த லிக்னினுடன் கிளர்வூட்டியையும் கந்தக மூலத்தையும் கலப்பர். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு பரவலாக ஆளப்படும் கிளர்வூட்டியாகும். கந்தக மூலமாகத் தனிமக் கந்தகமோ சோடியம் தயோசல்ஃபேட்டோ பயன்படும். தனிமக் கந்தகம் பெட்ரோலிய, இயற்கைவாயுச் சுத்திகரிப்பில் உடன்விளைபொருளாகப் பெருமளவில் கிடைப்பது. ஆகவே இருவேறு தொழில்களின் எச்சங்கள் இங்கே ஒன்றுகூடுகின்றன.

மூன்றாவதாக, நைட்ரஜன் சூழலில் 600 முதல் 800 பாகை செல்சியசு வரை சூடேற்றுவர். லிக்னின் கரியாகிறது; பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரியின் ஒரு பகுதியை அரித்துத் துளைகளைக் குடைகிறது; கந்தகம் கார்பன் வளையங்களின் விளிம்புகளில் அணுவாகப் பிணைகிறது. இறுதியில் உப்புகளை அமிலத்தாலும் நீராலும் கழுவி நீக்குவர்.

இம்மூன்றாம் படியில் ஓர் இழுபறி உண்டு. வெப்பத்தைக் கூட்டினால் துளைகள் பெருகும். ஆனால் கந்தகம் வாயுவாகி வெளியேறும். கந்தகத்தை மிகுத்தால் பிடிக்கும் இடங்கள் கூடும். ஆனால் துளைகளின் வாயில்கள் அடைபடலாம். இடமும் வேண்டும், இடத்தில் கையும் வேண்டும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட சமநிலையைத் தேடுவதே இத்துறை ஆய்வுகளுள் பெரும்பாலானவற்றின் சாரம்.

அளவீடுகளை வாசிக்கும் முறை

ஆய்வுக்கட்டுரைகளிலும் அவற்றை ஒட்டிய செய்திகளிலும் 'ஒரு கிராம் கரி இத்தனை மில்லிகிராம் பாதரசத்தைக் கவர்ந்தது' என்னும் கூற்றே முதன்மை பெறும். இவ்வெண்ணை எச்சரிக்கையுடன் வாசித்தல் வேண்டும்.

லாங்மூர் 1918ஆம் ஆண்டில் வெளியிட்ட கொள்கையின்படி, மேற்பரப்பில் குறிப்பிட்ட எண்ணிக்கையிலான இடங்களே உள்ளன. நீரில் செறிவு மிகும்போது இடங்கள் நிறைந்து, கவர்தல் ஓர் உச்சத்தை அடையும். அவ்வுச்சமே பெரும்பாலும் அறிவிக்கப்படுகிறது. அதனை அடைய ஆய்வுக்கூடங்களில் லிட்டருக்கு நூற்றுக்கணக்கான மில்லிகிராம் பாதரசம் கொண்ட நீரைப் பயன்படுத்துவர். உண்மையான கழிவுநீரில் செறிவு அதனினும் பன்மடங்கு குறைவு. குடிநீரில் கனிமப் பாதரசத்திற்கு உலகச் சுகாதார நிறுவனம் வகுத்துள்ள வழிகாட்டு அளவு லிட்டருக்கு 0.006 மில்லிகிராம் மட்டுமே.

ஒரு கணக்கின்வழி இதனை விளக்கலாம். ஒரு கிராம் கரி உச்சநிலையில் 100 மில்லிகிராம் பாதரசத்தை ஏற்கும் எனக் கொள்வோம். லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் பாதரசமுள்ள கழிவுநீர் 1,000 லிட்டரை அந்த ஒரு கிராமே தூய்மையாக்கிவிடும் என்று தோன்றும். உண்மை அதுவன்று. செறிவு குறையக் குறைய இடங்களில் சிறு பங்கே நிரம்பும். எத்தனை இடம் நிரம்பும் என்பது பற்றின் வலிமையைச் சார்ந்தது. ஆகவே, தாழ்ந்த செறிவில் நீரை வரம்பிற்குக் கீழே கொண்டுவர இயலுமா என்பதே உண்மையான சோதனை. வெறும் பரப்பால் பெருமை கொள்ளும் கரி இங்கே பின்தங்கலாம். கந்தகமூட்டிய கரி முன்நிற்பது பெரும்பாலும் இவ்விடத்திலேயே.

எல்லைகள்

எந்தப் பொருளுக்கும் எல்லைகள் உள. முதலாவதாக, கந்தகத்தின் பற்று மென்மையான உலோகங்களுக்கே உரியது. ஃபுளூரைடு, நைட்ரேட் போன்றவற்றால் கெட்ட நீருக்கு இக்கரி மருந்தன்று. இரண்டாவதாக, நீரின் இயல்பு விளைவை மாற்றும். அமிலத்தன்மை மிக்க நீரில் ஹைட்ரஜன் அயனிகள் ஈயம், காட்மியம் ஆகியவற்றுடன் போட்டியிடும். உப்பு மிகுந்த நீரில் குளோரைடு பாதரசத்தைச் சூழ்ந்துகொண்டு கவர்தலைத் தளர்த்தும். ஆலைக் கழிவுநீர் பெரும்பாலும் இவ்விரு தன்மைகளையும் கொண்டிருப்பதால், வடிநீரில் பெற்ற முடிவுகளை நேரே எடுத்தாளுதல் கூடாது.

மூன்றாவதாக, 'கழிவிலிருந்து' என்னும் அடைமொழி செலவின்மையைக் குறிப்பதன்று. பொட்டாசியம் ஹைட்ராக்சைடும், உயர்வெப்பமும், கழுவுவதற்கான நீரும் விலையுடையவை. கருநீரை எரித்து ஆற்றல் பெறும் ஆலை, லிக்னினைப் பிரித்துக் கொடுத்தால் அவ்வாற்றலுக்கு மாற்று வழி காண வேண்டும். இவற்றையெல்லாம் கூட்டிக் கணக்கிட்ட பின்னரே சிரட்டைக் கரியுடன் ஒப்பிடுதல் முறையாகும்.

பிடித்த பின்?

நீர் தூய்மையாகிவிட்டது, கரி நிறைந்துவிட்டது. அடுத்து என்ன? இவ்வினாவை எழுப்பாத விளக்கம் முழுமையானதன்று. தொடக்கத்தில் கூறியவாறு பாதரசம் அழியவில்லை, இடம் மாறியிருக்கிறது. நிறைந்த கரியைக் குப்பைமேட்டில் கொட்டினால் நஞ்சு மீண்டும் நீருக்கே திரும்பக்கூடும்.

கொடைக்கானலில் இயங்கி வந்த வெப்பமானித் தொழிற்சாலை இதற்குத் தக்க சான்று. பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு பழைய பொருள் வணிகரிடம் விற்கப்பட்டது தெரியவந்ததையடுத்து 2001ஆம் ஆண்டில் அத்தொழிற்சாலை மூடப்பட்டது. 2003ஆம் ஆண்டில் ஏறத்தாழ 290 டன் பாதரசக் கழிவு, மீட்புப் பணிக்காகக் கடல் கடந்து அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டது. ஊரைவிட்டு அகன்றது, உலகைவிட்டு அகலவில்லை.

நிறைந்த கரியைக் கையாள மூன்று வழிகள் உள. அமிலமோ தயோயூரியாவோ கொண்டு கழுவி, கரியை மீண்டும் பயன்படுத்தலாம். ஆனால் பற்று எவ்வளவு வலியதோ அவ்வளவு கடினம் விடுவித்தல். மூடிய கலத்தில் சூடேற்றிப் பாதரச ஆவியைக் குளிர்வித்து மீட்கலாம். இலிங்கத்தைச் சூடேற்றி வடித்தெடுக்கும் பாதரசத்தைச் சித்த மருத்துவம் 'வாலை ரசம்' என வழங்கும், தத்துவம் அதுவே. அல்லது, கந்தகத்துடன் பிணைந்த நிலையிலேயே காப்பான நிலவறையில் அடைத்து வைக்கலாம். பாதரச சல்ஃபைடு நீரில் மிகமிகக் குறைவாகவே கரைவதால் பாதுகாப்பு நோக்கில் இது ஏற்புடையது. எவ்வழியாயினும் அதனைக் காக்கும் பொறுப்பு ஒருவருக்கு உண்டு. அவர் யாரென முன்கூட்டியே முடிவு செய்யாமல் வடிகட்டியை நிறுவுதல் பாதிப் பணியேயாகும்.

முடிவுரை

லிக்னின் உடலைத் தருகிறது. கிளர்வூட்டல் இடத்தைத் தருகிறது. கந்தகம் பிடியைத் தருகிறது. இம்மூன்றும் கூடியதே கந்தகமூட்டிய நுண்துளைக் கரி. அதன் ஆற்றலும் அதன் எல்லையும் 'பிடித்தல்' என்னும் ஒரே கருத்திலிருந்து பிறப்பவை. பிடிப்பதனால் நீர் தூய்மையாகிறது. பிடிப்பது மட்டுமே என்பதனால் நஞ்சு எஞ்சுகிறது.

2019ஆம் ஆண்டு மார்ச் திங்களில் ஜொகூர் மாநிலத்துப் பாசிர் கூடாங்கில், சுங்கை கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு கொட்டப்பட்டதால் நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகள் மூடப்பட்டன. மாணவர் பலர் மூச்சுத்திணறலுக்கு ஆளாயினர். அக்கழிவு வேறுவகை, இக்கட்டுரையில் விளக்கிய கரி அதற்கு விடையன்று. ஆயினும் ஆற்றில் கலந்த பின் தேடிப் பிடிப்பதற்கும், கலக்குமுன் ஆலைக்குள் பிடித்து வைப்பதற்கும் உள்ள வேறுபாட்டை நம் மாணவர்கள் தம் வகுப்பறைக் கதவடைப்பின் வாயிலாகவே கண்டனர்.

இத்தகைய செய்திகளை மாணவர் தம் மொழியில் கேட்டு, தம் மொழியில் வினவ வேண்டும். அதற்கு அவர்களுக்குத் தேவைப்படுவன அரிய சொற்கள் அல்ல. உறிஞ்சுதலையும் கவர்தலையும், ஊட்டலையும் மாசையும், நீக்குதலையும் அழித்தலையும் பிரித்துணர்த்தும் தெளிவான சொற்களே. 'நீர் தூய்மையாகிவிட்டது' என்னும் தொடரைப் பாடநூலில் படிக்கும் மாணவன் 'அப்படியானால் நஞ்சு எங்கே போயிற்று?' என்று கேட்பானாயின், அப்பாடம் நன்கு நடத்தப்பட்டது என்று நாம் கொள்ளலாம்.